கை ராசிக்கு வைத்த சோதனை

எங்கள் வீட்டில் மாவு பொங்காத காலைகளுக்கெல்லாம் ஒரு குற்றவாளி இருந்தாள். அவள் என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பியின் மனைவி. குற்றத்தைக் கண்டுபிடித்தவர், விசாரித்தவர், தீர்ப்புச் சொன்னவர் எல்லாமே எங்கள் மாமியார். நானோ இடைநிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள். என் கண் முன்னாலேயே இப்படி ஒரு வழக்கு நடக்கும்போது வாயை மூடிக்கொண்டு தோசை சாப்பிட எனக்குத் தெரியாது.

ஜொகூர் மாநிலத்தின் கெலாங் பாத்தாவில், ஒரு தாமான் குடியிருப்பில், எங்களுடையது மாடி வைத்த வரிசை வீடு. மாமியார், நானும் கணவரும், கொழுந்தனும் ஓரகத்தியும் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழேதான். கொழுந்தன் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் செகண்ட் லிங்க் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான். ஓரகத்தி ஒரு பல் கிளினிக்கில் உதவியாளர். எனக்குப் பள்ளி. ஆகவே வாரநாள்களில் மாவு அரைப்பது மாமியார். சனிக்கிழமை சாயங்காலம் அரைப்பது ஓரகத்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பசியாறுவோம். நான் அரைப்பதில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, அதை நான் மறைத்ததும் இல்லை.

மாமியார் லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அவர் கரைத்து வைத்த மாவு மறுநாள் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஓரகத்தி கரைத்த மாவு ஊற்றிய இடத்திலேயே படுத்திருக்கும். அதில் தோசை வரும், வெளுத்துப்போய் கல்லை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் வரும். இட்லி என்றால் கேட்கவே வேண்டாம், சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதம்.

"அதுக்கெல்லாம் கை ராசி வேணும்மா. படிச்சு வர்றதில்ல," என்பார் மாமியார், என்னையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே.

உப்புப் போட்டு மாவைக் கையால்தான் கலக்க வேண்டும், கரண்டி கூடாது என்பது அவர் வைத்த சட்டம். கையின் சூடும் ராசியும் மாவுக்குள் இறங்க வேண்டுமாம். எத்தனையோ வீடுகளில் இதையே சொல்வார்கள், நானும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

சென்ற ஆண்டு அது சிரிக்கிற விஷயமாக இல்லாமல் போனது. ஓரகத்திக்குக் கரு தங்கி, மூன்று மாதம் நிறையும் முன்பே கலைந்துவிட்டது. அவள் விடுப்பில் வீட்டோடு இருந்தபோது, ஒரு மத்தியானம் மாமியார் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "என்ன செய்றது, அவ கையில எதுவும் தங்க மாட்டேங்குது. ஒரு மாவுகூட பொங்க மாட்டேங்குது, பாவம்."

பாவம் என்றுதான் சொன்னார். வஞ்சம் வைத்துச் சொல்லவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஓரகத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் மிச்சத் துணியையும் ஒவ்வொன்றாக உதறிப் போட்டு முடித்தாள்.

அன்றிலிருந்து அவள் மாறிப்போனாள். தொட்டியில் ஆசையாக வைத்திருந்த மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முப்பதாம் நாள் பூசை செய்தார்கள். குழந்தையின் அம்மா சிரித்த முகத்தோடு குழந்தையை அவளிடம் நீட்டி, "தூக்குங்கக்கா" என்றாள். இவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உனக்கு எங்க சளி?"

"அக்கா, என் கை நல்ல கை இல்ல. நான் தூக்கி அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

மாமியார்மேல் கோபம், அதைவிட இவள்மேல் கோபம். மற்றவர்கள் சொன்னதை இவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அப்படி நம்பிக்கொண்டு இன்னும் எத்தனை ஆண்டு ஒருத்தி வாழ முடியும்? இனி ஒரு கரு தங்கினாலும் அந்தப் பத்து மாதமும் தன் கைக்குப் பயந்துகொண்டேதான் இருப்பாள். கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்ல எனக்கு வராது, என் அம்மாவே அதைச் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்த்து நிரூபிக்கச் சொன்னால், அதில் என்னை அசைக்க ஆள் கிடையாது.

மாமியாரிடம் நேராகவே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "என்ன, டீச்சரம்மா என் மாவுக்கே பரீட்சை வைக்கிறீங்களா? வைங்க, வைங்க. நான் பாஸ் பண்ணிக் காட்றேன்."

மாவு என்பது உயிருள்ள சமாச்சாரம். உளுந்தின் மேலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்ததும் அவை மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, பெருகி, வாயுவை வெளியே விடுகின்றன. உளுந்தின் பிசுபிசுப்பு அந்த வாயுவைத் தப்பிக்க விடாமல் பிடித்து வைக்கிறது, மாவு எழும்புகிறது. தின்பது, பெருகுவது, கழிவை வெளியேற்றுவது என்று படிவம் நான்கு மாணவர்களுக்கு நான் உயிரின் அடையாளங்களாகச் சொல்கிறதெல்லாம் ஒரு சட்டி மாவுக்குள் நடக்கிறது. இதில் ராசிக்கு எங்கே இடம்?

சோதனை என்றால் ஒரே ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் 'மாறி', 'கருதுகோள்' என்று மனப்பாடம் செய்ததெல்லாம் இதற்குத்தான். நான் மாற்றப்போவது கையை. ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே அரைப்பு. அளவும் வடிவமும் ஒன்றாக இருந்த காலி ஜாம் பாட்டில்களைச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்தேன். ஒன்றில் மாமியார் கலக்கிய மாவு, ஒன்றில் ஓரகத்தி கலக்கியது, ஒன்றில் நான் கலக்கியது, கடைசியில் யார் கையும் படாமல் கரண்டியால் கலக்கியது. மாவு நின்ற மட்டத்தில் ரப்பர் பேண்டு மாட்டினேன். எது யாருடையது என்பதை என் கணவர் மட்டும் பாட்டிலின் அடியில் குறித்து, இடம் மாற்றி அடுக்கி வைத்தார். ஆள் யார் என்று தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். மாமியார் கண்ணும் அப்படித்தான், என் கண்ணும் அப்படித்தான்.

மறுநாள் காலையில் எல்லாரும் அடுப்படியில் கூடினோம். எல்லாப் பாட்டிலிலும் மாவு ரப்பர் பேண்டுக்கு மேலே ஒரே அளவுக்குத்தான் ஏறியிருந்தது. கரண்டி கலக்கியதும் அதே அளவு. "எது உங்களுது, சொல்லுங்க மாமி" என்றேன். அவர் தெரிந்த மாதிரி ஒன்றைத் தொட்டார். என் கணவர் அதைத் திருப்பி அடியைக் காட்டினார். அது ஓரகத்தியுடையது.

நான் கையைத் தட்டிச் சிரித்தேன். வெற்றியை அடக்கமாக அனுபவிக்கிற ஆள் நான் இல்லை. மாமியார் மட்டும் பாட்டில்களையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன பொங்கல்? எல்லாமே அரைத் தூக்கத்துல இருக்கு. எம்மாவு ஒருநாளும் இந்த மாதிரி சோம்பேறியா இருந்ததில்ல. உன் பாட்டில் சரியில்ல லா."

தோற்றவர்கள் சொல்கிற சாக்கு என்று நினைத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓரகத்தியின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த வெளிச்சம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் தாங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் அவள் நம்பிக்கையோடு அரைத்துக் கரைத்து வைத்த மாவு, காலையில் பழையபடியே படுத்துக் கிடந்தது. மாமியார் எதுவும் பேசவில்லை. அவர் பேசியிருந்தால்கூட நான் சண்டைக்குப் போயிருப்பேன். ஓரகத்திதான் பேசினாள்.

"அக்கா, பாட்டில்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்துச்சு. சட்டியில மாமிக்குப் பொங்குது, எனக்குப் பொங்கல. அப்ப என்கிட்டதானே ஏதோ இருக்கு?"

அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கையில் ஒன்றுமில்லை என்று நான் காட்டியது உண்மை. ஆனால் அவள் மாவு பொங்குவதில்லை என்பதும் உண்மை, அதை இந்த வீட்டில் எல்லாரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒரு காரணத்தைத் தள்ளிவிட்டதோடு என் வேலை முடிந்ததாக நான் எழுந்து போய்விட்டேன். உண்மையான காரணம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. மாணவர் யாராவது இப்படி அரைகுறையாக முடிவு எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பள்ளி விடுமுறை வந்தது. அடுப்படியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "டீச்சரம்மாவுக்கு வேற வேலை இல்ல போல" என்று மாமியார் முணுமுணுத்தார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் ஊறவைப்பதில் தொடங்கி மூடி போடுவது வரைக்கும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். சனிக்கிழமை வந்ததும் ஓரகத்தியையும் அப்படியே பார்த்தேன். அரிசி ஒன்று, உளுந்து ஒன்று, கிரைண்டர் ஒன்று, குழாய்த் தண்ணீர் ஒன்று, உப்பு ஒன்று. அதுவரைக்கும் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.

வித்தியாசம் சட்டியில் இருந்தது. மாவு ஊற்றி வைப்பதற்கென்று வீட்டில் ஒரே அளவில் இரண்டு எவர்சில்வர் சட்டிகள் இருந்தன. ஒன்று மாமியாருடையது, மற்றது ஓரகத்தி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்தது. மாமியார் தன் சட்டியில் மிஞ்சியிருந்த பழைய மாவை ஒரு கிண்ணத்தில் வழித்து ஊற்றினார். சுவரெல்லாம் மாவு ஒட்டியிருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதைக் கையாலேயே சுழற்றி அடியில் இறக்கி, அதன் தலைமேலேயே புதிய மாவை ஊற்றினார்.

"கழுவ மாட்டீங்களா மாமி?"

"கழுவி என்னாத்துக்கு? திரும்பவும் மாவுதானே ஊத்தப் போறோம். தோட்டத்துல தண்ணிக்கு வரிசையில நிக்கணும், சட்டியைக் கழுவிக்கிட்டே இருந்தா ஆவுமா?"

ஓரகத்தியின் கதையே வேறு. அவள் தன் சட்டியை இரும்பு நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தாள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றிச் சுழற்றினாள். சுத்தமான துணியால் துடைத்தாள். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு. கிளினிக்கில் நாள் முழுக்கக் கருவிகளைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்குகிறவள் அவள். அங்கே கிருமி என்றால் எதிரி. மாமியாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று வீட்டில் இன்னும் ஒரு படி கூடுதலாகத் தேய்த்திருக்கிறாள்.

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மாமியாருடைய சட்டியில் ஒட்டியிருந்த பழைய மாவில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் விழித்துப் பசியோடு காத்திருக்கின்றன, புதிய மாவு வந்து விழுந்ததும் வேலையில் இறங்கிவிடுகின்றன. ஓரகத்தியுடைய மாவில் உளுந்தோடு வந்தவை மட்டும்தான். எண்ணிக்கையில் கொஞ்சம், பெருகி வர நேரமாகும். மத்தியானத்துக்குள் அதுவும் எழும்பியிருக்கும், ஆனால் நாங்கள் காலையிலேயே தோசை சுட்டுத் தீர்த்துவிடுகிறோம். என் பாட்டில்கள் ஏன் அரைத் தூக்கத்தில் இருந்தன என்பதும் இப்போது விளங்கியது. நான்தான் அவற்றைச் சுத்தமாகக் கழுவியிருந்தேனே!

உடனே சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் இன்னும் இது என் ஊகம்தான், ஒரு முறை அவசரப்பட்டது போதும். அதோடு, நான் எவ்வளவு விளக்கினாலும் ஓரகத்திக்கு அது டீச்சர் பேச்சு, மாமியாருக்கு அது மருமகள் வாதம். இரண்டு பேரும் கண்ணால் பார்க்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் இருவரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டேன். "ஒரே அரைப்புதான். ஆளுக்குப் பாதி. ஆனா சட்டியை மாத்திக்கணும். மாமி, நீங்க அவ தேய்ச்சுக் கழுவின சட்டியில கரைங்க. உங்க சட்டியில அவ கரைக்கட்டும், கழுவாம அப்படியே."

"சட்டியில என்னம்மா இருக்கு? என் கை பட்டா பக்கெட்டுல ஊத்தினாலும் பொங்கும்," என்றார் மாமியார். சொல்லிவிட்டு, பளபளத்த சட்டிக்குள் கையை விட்டு, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கலக்கினார்.

ஓரகத்தி மாமியாருடைய சட்டியின் முன்னால் தயங்கி நின்றாள். "வேணாம்க்கா. அவங்க சட்டியும் கெட்டுப்போச்சுன்னா?" நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து மாவுக்குள் விட்டேன். பிறகு இரண்டு சட்டிகளையும் மூடி, ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் எனக்கு முன்பே எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டார். ஓரகத்தி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் முதலில் தான் கரைத்ததைத் திறந்தார். மாவு நேற்று விட்ட இடத்திலேயே கிடந்தது, மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குமிழிகள். அவர் விரலை விட்டுப் பார்த்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"நான்தானே இதைக் கரைச்சேன்?"

"நீங்கதான் மாமி."

மற்ற சட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது, மாவு சட்டியின் வெளிப்பக்கமாக வழிந்து மேசையில் குளம் கட்டியிருந்தது. "இங்க வந்து பாரு. உன் வேலையைப் பாரு" என்று ஓரகத்தியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள். வழிந்த மாவைக் கையால் தொட்டுப் பார்த்தாள். சத்தம் வராமல் அழுதாள், அழுதுகொண்டே துணியை எடுத்து மேசையைத் துடைக்கப் போனாள். நான் துணியைப் பிடுங்கிப் போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம், துடைக்கவே மனசில்லை.

மாமியார் அந்தப் பொங்கிய மாவிலேயே தோசை சுட்டார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய மாவு, புதிய மாவு, நுண்ணுயிர் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இத்தனை வருசமா நான் சட்டி கழுவாததுதான் என் ராசியா?"

ஓரகத்தி சிரித்துவிட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரிப்பைக் கேட்டேன். மாமியாரும் சிரித்தார். பிறகு ஓரகத்தி தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என் பிள்ளை போனது, அக்கா?"

சிரிப்பு நின்றுவிட்டது. நான் எனக்குத் தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னேன். அம்மா பக்கத்திலிருந்தும் அப்பா பக்கத்திலிருந்தும் குரோமோசோம்கள் வந்து சேரும்போது சில சமயம் எண்ணிக்கை தவறிவிடும், ஒன்று கூடும் அல்லது குறையும். அப்படிப்பட்ட கரு வளர முடியாது, ஆரம்பத்திலேயே நின்றுவிடும். ஆரம்பத்தில் கலைகிற கருக்களில் நிறைய அப்படித்தான். "உன் கையாலயும் இல்ல, நீ செஞ்ச எதனாலயும் இல்ல" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "ஆனா அதை இந்த மாதிரி சட்டி மாத்தி வெச்சுப் பாக்க முடியாதுல்லக்கா."

முடியாதுதான். நான் சொன்னது எத்தனையோ பேர் பார்த்து, சோதித்து, எழுதி வைத்தது. எனக்கு அது போதும். அவளுக்கு அது எங்கோ யாரோ பார்த்த உண்மை. அவள் கண் முன்னால் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருத்திக்குக் கொடுக்க முடியாமல் நான் அப்படி நின்றதே இல்லை.

மாமியார் எங்கள் பக்கம் திரும்பவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ஓரகத்தியிடம் சொன்னார்.

"எனக்கு ரெண்டு போச்சு. உன் வீட்டுக்காரனுக்கு முன்னால ஒண்ணு, அவனுக்குப் பின்னால ஒண்ணு. யார்கிட்டயும் சொன்னதில்ல, என் தங்கச்சிக்கே தெரியாது."

அடுத்த தோசைக்குக் கல்லில் எண்ணெய் விட்டார்.

"ரெண்டு தடவையும் அன்னிக்குச் சாயங்காலம் நான்தான் மாவு கரைச்சேன், வேற யார் இருக்கா? காலையில பாத்தா நல்லாப் பொங்கித்தான் இருந்துச்சு." அவர் மாவுக் கரண்டியை ஓரகத்தியின் கையில் வைத்தார். "இந்தா, நீ ஊத்து. எனக்குக் கண்ணு கரிக்குது."